தண்ணிக்குப் போனவர்

“வண்டில்களை அகற்றப் போகிறீர்களா, இல்லையா?” என்று கேட்டார் மார்ட்டின். கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. மணி மூன்று. அந்தப் போர் விளையாட்டுச் சங்கத்தில் எந்த அரசன் தோற்றாலும் மூன்று மணிக்குத் தேநீர் உண்டு. “அவசரமில்லை, குடித்துவிட்டு வந்து கேட்கிறேன், யோசித்து வையுங்கள்” என்று அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவர் சமையலறைப் பக்கம் போக, மற்ற மேசைகளில் நின்ற ஏழெட்டுப் பேரும் பின்னாலே போய்விட்டார்கள். மண்டபத்தில் குகதாசன் தனியே நின்றார். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. பன்னிரண்டடி நீள மேசை, பச்சைத் துணி, அதன் குறுக்கே வார்னிஷ் பூசிய நீல ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம், நேஸ்பிச் சண்டையில் தோற்று ஓடிவருகிற அரசர் சார்ல்ஸின் பின்காவல் படை. கட்டைவிரல் உயரத்தில் நாற்பத்தெட்டுப் பேர். அது குகதாசனுடையது. அவர்களைத் துரத்திக்கொண்டு வருகிறது பாராளுமன்றத்தின் குதிரைப்படை. அது மார்ட்டினுடையது. இங்கிலாந்துக்காரர் அரசனுக்கென்றும் பாராளுமன்றத்துக்கென்றும் பிரிந்து தங்களுக்குள் வெட்டிக்கொண்டு முந்நூற்றெண்பது வருடமாகிறது. இப்போது அதை ஞாயிற்றுக்கிழமைகளில் தாயக்கட்டை உருட்டி மறுபடியும் நடத்துகிறார்கள். நேஸ்பி நிசம். இந்தப் பாலம் மட்டும் குகதாசனின் கற்பனை. பாலத்தின் மேல் ஆறு வண்டில்கள் வழியை அடைத்து நிற்கின்றன. அவற்றில் சட்டி பானை, மூட்டை, கோழிக்கூடு, பெண்கள், பிள்ளைகள். படையோடு சேர்ந்து ஓடிவந்த சனம். அவர்களை எடுத்துவிட்டால் குகதாசனின் ஆட்கள் பாலத்தைக் கடந்துவிடுவார்கள், ஆட்டம் அவருக்கு. எடுக்காவிட்டால் குதிரைகள் வந்து பிடித்துவிடும். பிள்ளைக்குக்கூட விளங்குகிற கணக்கு இது, இதற்குப் போய் மனுசனுக்கு ஏன் வியர்க்கிறது?

சட்டம் எழுதினது அவரே. அதுதான் வெட்கக்கேடு. அந்தச் சங்கத்தில் ஆட்டங்களுக்குச் சட்டம் எழுதும் பொறுப்பு குகதாசனுடையது, ஐந்து வருடமாக. வேலையிடத்தில் தபால் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்து ஒழுங்குக்குப் பழகிய மனம் அவருக்கு, எதையும் எண் போட்டு எழுதுவார். ஒன்பதாம் சட்டம் இப்படி இருக்கிறது: பாலத்தின் மேல் உள்ள வண்டில்கள் தடையாகக் கருதப்படும். ஒரு முறையைச் செலவழித்து அவற்றை அகற்றலாம். அகற்றப்பட்டவை மேசையிலிருந்து எடுக்கப்படும். அகற்றப்படாதவை முறைக்கு ஆறு அங்குலம் நகரும். தடை. அந்தச் சொல்லை எழுதும்போது பேனா கொஞ்சமாவது நின்றதா? நிற்கவில்லை. எட்டாம் சட்டம் சேற்று நிலத்தைப் பற்றியது, பத்தாம் சட்டம் வேலிகளைப் பற்றியது, இடையில் சனம். எழுதி, படி எடுத்து, எல்லோருக்கும் கொடுத்து, நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டும் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை வீட்டில் பரிசோதனைக்காகத் தனியே ஆடிப் பார்த்தபோதுதான் அது நடந்தது. வண்டில்களை அகற்றும் முறை வந்தது. இரண்டு கையாலும் ஆறையும் அள்ளினார். அள்ளிப் பெட்டிக்குள் வைத்தார். பாலம் வெறுமையாகி வெளிச்சமாக இருந்தது. அப்போது அவருடைய தோளிலிருந்து எதுவோ இறங்கியது. ஒரு சுகம். அப்பாடா என்று மூச்சுவிட்டார், விட்ட மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் அந்தச் சுகம் அவருக்குப் புதிதில்லை. அதை அவர் முன்பு ஒருமுறை அனுபவித்திருக்கிறார். எந்த இடம், எந்தக் காலை என்றுகூடத் தெரியும். அன்றிலிருந்து மூன்று நாளாக அந்த மூச்சு நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, சோறு இறங்கவில்லை, வாயுக் குளிசை போட்டும் கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயது மனுசன் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்பது ஊருக்குத் தெரியாது. ஊர் என்றால் லண்டனுக்குத் தெற்கே இந்தச் சிறு நகரத்தில் இருக்கிற நாற்பது தமிழ்க் குடும்பம், கோயில், பள்ளிக்கூடம், பிறந்தநாள் கொண்டாட்டங்கள். தெரிந்தால் என்ன சொல்வார்கள்? சண்டையில் வீடு போய், காணி போய், ஓடிவந்தவன் இங்கே காசு கொடுத்துச் சண்டை பிடிக்கிறான் என்பார்கள். சொல்லட்டும், அதில் பொய் என்ன இருக்கிறது? தன் ஊர்ச் சண்டையை ஆடவில்லையே, இது வெள்ளைக்காரனின் பழைய சண்டை, செத்தவன் எல்லாம் மண்ணாகி அந்த மண்ணில் கோதுமை விளைந்து அதையும் தின்று முடித்தாயிற்று, இதில் யாருக்கு நோகப் போகிறது என்று அவர் தனக்குத்தானே பலமுறை வழக்காடியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வென்றும் இருக்கிறார். மனைவி பவளராணிக்கு மட்டும் தெரியும். அவள் யாராவது தொலைபேசியில் கேட்டால், “ஞாயிற்றுக்கிழமையோ? அவர் தண்ணிக்குப் போயிடுவார்” என்பாள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. போனவர் திரும்பி வராமல் இழுத்தடித்தால் தண்ணிக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கேட்டவர்கள் மதுக்கடையாக்கும் என்று நினைத்துச் சிரிப்பார்கள். குகதாசனும் சிரிப்பார். முப்பது வருடமாக அந்தப் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார், சிரித்த தாடை நோகிறது. முதல் வருடம் சங்கத்துக்கு மிதிவெடி கொண்டுபோனார். முட்டையும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது, எங்கள் கடைகளில் அதற்கு அதுதான் பெயர். நல்லாயிருக்கிறதே, பெயர் என்ன என்று மார்ட்டின் கேட்க, குகதாசன் அப்பாவியாக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். நிலத்தில் புதைக்கிற வெடி. எட்டு வெள்ளைக்காரரும் கையில் கடித்த பாதியோடு நின்றார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு வந்த வெட்கம் சின்ன வெட்கம், பவளராணியிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியது. போன மாதம் வந்தது அப்படியில்லை. வண்டில் சனத்துக்கு வர்ணம் பூசி முடித்துக் கொண்டுவந்து காட்டினார். பதினேழு பேர், ஒவ்வொருவருக்கும் ஒற்றை மயிர்த் தூரிகையால் கண் வைத்திருந்தார். மார்ட்டின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், பிழை பிடிக்காமல் அவரால் இருக்க முடியாது. “அருமை. ஆனால் இந்தப் பெண் கையில் வைத்திருப்பது என்ன?” குடை. கடதாசியில் வெட்டி ஒட்டிய கறுப்புக் குடை. “அந்தக் காலத்தில் இந்த நாட்டில் குடை கிடையாதே, நண்பரே. அதுவும் ஏன் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள்?” ஏன் தலைகீழாக? குகதாசன் மேசையைப் பார்த்தார். தான் செய்ததை அப்போதுதான் கண்டார். குடிக்க மழைத்தண்ணி பிடிக்கத்தான் என்று எப்படிச் சொல்வது? தவறுதலாக ஒட்டிவிட்டது என்று முணுமுணுத்து, பிளேடால் அந்த இடத்திலேயே குடையைச் சுரண்டி எடுத்தார். அவளுடைய கை இன்னும் மேலே தூக்கியபடி இருக்கிறது, ஒன்றுமில்லாமல்.

ஏனென்றால் அந்த இரவு முழுக்க மழை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஐப்பசி. ஆமி வருகிறது, எல்லோரும் வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஒரு மாலைக்குள் யாழ்ப்பாணம் எழும்பி ஒரே தெருவில் இறங்கியது. அம்மாவும் பதினாலு வயதுத் தங்கச்சி சிவகலையும் பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் முன்னுக்குப் போய்விட்டார்கள், அதில் இன்னும் ஒருவருக்கு இடமில்லை. குகதாசன் அப்போது வெறும் குகன், அவனும் அப்பாவும் பின்னால். அப்பா நமசிவாயம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், தொண்ணூறு கிலோ, சலரோகம், நீரிழிவு, அதில் வலதுகால் புண்ணாகிக் கட்டுப் போட்டிருந்தது. அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மடியில் அவருடைய சீலைப்பையைக் கொடுத்து, இருபத்திரண்டு வயதுக் குகன் தள்ளிக்கொண்டு போனான். ஓடமுடியாது, உருட்டத்தான் முடியும். முன்னால் முதுகு, பின்னால் மூச்சு. ஒரு அடி வைத்தால் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். விடிந்து மழை விட்டபோது செம்மணி வெளிக்கு வந்திருந்தார்கள், இரண்டு பக்கமும் கடலேரி, நாவற்குழிப் பாலம் தூரத்தில் தெரிந்தது. அது கிட்ட வரவேயில்லை. கைகள் மரத்துவிட்டன. ஒவ்வொரு குழிக்கும் சைக்கிள் ஒருபக்கம் சாயும், தொண்ணூறு கிலோவையும் இடுப்பால் தாங்கவேண்டும், சாயும், தாங்கவேண்டும். அப்பா ஒவ்வொரு முறையும் “பாத்து, பாத்து” என்றார். அந்தப் பாத்து பாத்து. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை, பாரத்தைக்கூடப் பொறுத்திருப்பான். எட்டு மணி இருக்கும், தெருவோரம் ஒரு மதகு வந்தது. அதன் கட்டின்மேல் அப்பாவை இறக்கி இருத்தினான். “அப்பா, இருங்கோ. குடிக்கத் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்.” உப்பு வெளியில் குடிக்கிற தண்ணி எங்கே இருக்கிறது? சரி, தண்ணிக்குப் போகிறவன் அந்தச் சனத்துக்குள் சைக்கிளையும் உருட்டிக்கொண்டா போவான்? அப்பா அவனைப் பார்த்தார். “ஓம், போட்டு வா” என்றார். அவ்வளவுதான். குகன் சைக்கிளைத் தள்ளினான். சைக்கிள் ஓடியது. கைக்குள் ஒன்றுமே இல்லாததுமாதிரி ஓடியது, சின்ன இடைவெளி கண்டால் போதும், நுழைந்து நுழைந்து போனான். முதுகு நிமிர்ந்தது, மூச்சு வந்தது, கடலேரிக் காற்று முகத்தில் பட்டது. கடவுளே, எவ்வளவு சுகமாக இருந்தது! அந்த நேரத்தில், அந்தத் தெருவில், அவ்வளவு சனம் அழுதுகொண்டு போகையில், ஒருவன் சந்தோஷமாக இருந்தான் என்றால் அது அவன்தான். நூறு பாகத் தூரம் போய் நின்றான். திரும்பிப் பார்த்தான். மதகு தெரியவில்லை. பக்கத்தில் தலையில் மூட்டையோடு ஒரு மனுசி, முன்பின் தெரியாதவள், கேட்டாள்: “என்ன தம்பி, திரும்பப் போறீரோ? விலகி விடட்டே?” தன் பிள்ளைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் வழிவிட்டும் நின்றாள். அவன் இல்லை என்றான். இல்லை, திரும்பேல்ல. அந்தச் சொல்லை அவன் வாயால் சொன்னான். சனம் தள்ளவில்லை. யாரும் தள்ளவில்லை.

பின்னேரம் மீசாலைப் பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கண்டுபிடித்தபோது, தண்ணிக்குப் போன இடத்தில் சனம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, திரும்பப் போக முடியேல்லை என்று சொல்லி அழுதான். அழுகை உண்மை. அது ஒன்றுதான் உண்மை. அம்மா அவன் தலையைத் தடவினாள், அதைத்தான் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை, அவனுடைய தலையைத் தடவினாள். அன்றிரவு பாடசாலை மரவாங்கில் படுத்து, விடிந்ததும் தேடிப் போகிறேன் என்றான், விடிந்தது, கால் வீங்கிவிட்டது என்றான். மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஒரு மாட்டுவண்டில் வந்து நின்றது. யாரோ, எந்த ஊரோ, தங்கள் மூட்டைகளில் இரண்டைத் தெருவில் எறிந்துவிட்டு அந்த இடத்தில் அப்பாவை ஏற்றிவந்திருந்தார்கள். குகன் தூணுக்குப் பின்னால் நின்றான். அப்பா வண்டிலில் இருந்து இறங்க முதலே, ஒருவரும் ஒன்றும் கேட்க முதலே, உலர்ந்த தொண்டையால் உரத்துச் சொன்னார்: “பெடியன் தண்ணிக்குப் போனவன். சனம் தள்ளிக்கொண்டு போயிருக்கும். வந்து சேந்திட்டானோ?” அவன் சொன்ன அதே பொய், சொல்லுக்குச் சொல். ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போய்ப் பிந்தி வந்த குகனைப் பார்த்து, “என்ன, தண்ணிக்குப் போயிட்டியோ?” என்று பகிடியைத் தொடக்கிவைத்ததும் அப்பாதான். வீடே சிரித்தது. பிறகு தங்கச்சி சொன்னாள், மச்சான்மார் சொன்னார்கள், அவன் லண்டனுக்கு வந்து கல்யாணம் கட்டிய பிறகு பவளராணிக்கும் அந்தப் பேச்சுச் சீதனமாக வந்தது. அப்பா ஆறு வருடம் இருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், டேய் ஏனடா விட்டிட்டுப் போனனீ என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். கேட்கவில்லை. நம்பிவிட்டார், பாவம், நம்பிவிட்டார் என்றுதான் குகதாசன் முப்பது வருடமாகத் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். தேற்றிக்கொண்டதும் நல்ல மனுசனை ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கம் வரும். வெட்கம் வந்ததும் ஒரு பொம்மைக்குக் கண் வரையப் போய்விடுவார். கண் வரையும்போது கை நடுங்கக்கூடாது, நடுங்காமல் இருக்கவேண்டுமென்றால் வேறொன்றையும் நினைக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்த விளையாட்டுக்கே வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்த இடத்தில், தன் கையாலேயே, எண் போட்டு, சனம் என்றால் தடை என்று எழுதியிருக்கிறார். இப்போது மார்ட்டின் வந்து கேட்பார். ஓம் என்றால் ஆறு வண்டில், அள்ளினால் ஒரு வினாடி. விளையாட்டுத்தானே? விளையாட்டுத்தான். ஈயப் பொம்மைகள். அப்பா வந்து சேர்ந்தது ஒரு வண்டிலில். அந்த வண்டிலுக்குப் பின்னால் வந்தவனும் இதைத் தூக்கிக் கடலேரிக்குள் போட்டால் நான் போயிடலாமே என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். போடவில்லையே.

“அண்ணா! உதுக்குத்தானோ ஒவ்வொரு கிழமையும் தண்ணிக்குப் போறியள்?”

குகதாசன் திடுக்கிட்டுத் திரும்பினார். வாசலில் சிவகலை. கனடாவிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்து வீட்டில் நிற்கிறாள், பதினாலு வயதுப் பெட்டைக்கு இப்போது நாற்பத்துநாலு, மூக்குக்கண்ணாடி, முழங்கால் நோவு.

“நீ எங்க இஞ்ச?”

“அண்ணி என்னை வாசலில இறக்கிப்போட்டு வேலைக்குப் போயிட்டா. வீடு பூட்டியிருக்கு, திறப்பு உங்களிட்டயாம்.” அவள் மேசையைச் சுற்றி வந்தாள். “ஐயோ, என்ன வடிவு! கண்ணெல்லாம் கீறியிருக்கிறியள். இவையள் ஆர், பாலத்தில?”

“சனம்.”

“எங்க போகினம்?”

“அங்கால. பின்னால குதிரைப்படை துரத்துது.”

சிவகலையின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கையைத் தூக்கிய அந்தப் பெண்ணின் மேல் அவள் பார்வை நின்றது. “போய்ச் சேந்திடுவினமோ?”

“அது நான்தான் சொல்லோணும். இவையளைத் தூக்கிப்போட்டு என்ர ஆக்களைக் கொண்டு போகலாம். தூக்கினால் வெல்லுவன்.”

“தூக்கினா இவையளுக்கு என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது. பெட்டியுக்குள்ள போவினம்.” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில், இந்த வெள்ளைக்காரரின் மண்டபத்தில், பொம்மைகளுக்கு முன்னால் இதைச் சொல்லப் போகிறோம் என்று அவர் நினைக்கவேயில்லை. “கலா, நான் அண்டைக்குத் தண்ணிக்குப் போகேல்ல.”

அவள் நிமிரவில்லை. “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும் உனக்கு? ஒருத்தரும் தள்ளேல்ல. நான் அப்பாவை விட்டிட்டுப் போனனான். பாரமா இருந்துது. விட்டிட்டுப் போனனான்.”

“தெரியுமண்ணா.” அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தாள், துடைத்தபடியே இருந்தாள். “அப்பா வந்திறங்கின உடன நான்தான் அவற்ற பையை வாங்கினனான். உள்ளுக்க போத்தில் நிறையத் தண்ணி. வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அம்மா வைச்சு விட்டது. மூடியில அம்மா சுத்தின பொலித்தீனும் ரப்பர் பாண்டும் அப்பிடியே இருந்துது. ஒரு சொட்டுக் குடிக்கேல்ல.”

“தண்ணி இருந்துதோ?”

“ஏனப்பா குடிக்கேல்ல எண்டு கேட்டன். சத்தம் போடாத, பின்னால கொண்டுபோய் ஊத்திப்போட்டு வா, அம்மாக்குக் காட்டாத எண்டார். கிணத்தடியில ஊத்தினனான். பிறகு அவருக்கு ஒரு செம்பு அள்ளிக் குடுத்தன். மூச்சு விடாமக் குடிச்சார். இன்னொரு செம்பும் கேட்டார்.”

குகதாசனுக்கு எதையும் சரியாக நினைக்க முடியவில்லை. மடியில் பை. பைக்குள் போத்தில். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று மகன் சொன்னபோது, இருக்குதடா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மகனுக்குப் போக வழியில்லை. ஓம், போட்டு வா என்றார். நம்பவே இல்லை மனுசன். ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. தெரிந்துகொண்டே விட்டார். பிறகு அந்த வெயிலில், அந்த மதகில், அந்த இரவில், மறுநாள் மத்தியானம்வரை, சலரோகக்காரர், நாக்கு ஒட்டும், மடியில் இருந்த தண்ணியைத் தொடாமல் இருந்தார். திறந்து குடித்திருந்தால் பெடியன் எதற்குப் போனான் என்று யாராவது கேட்பார்கள். இவ்வளவு நாளும் ஒரு நல்ல மனுசனை ஏமாற்றினோம் என்று வெட்கப்பட்டது எவ்வளவு வசதியான வெட்கம்! அது போய்விட்டது. இப்போது வந்திருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மார்ட்டின் இரண்டு கோப்பைகளோடு வந்தார். சிவகலைக்குத் தலை வணங்கி ஒன்றை அவளிடம் கொடுத்து, மற்றதை மேசை ஓரத்தில் குகதாசனுக்கு முன்னால் வைத்தார். “சரி, தளபதி. வண்டில்களை அகற்றுகிறோமா?”

“இல்லை” என்றார் குகதாசன். “அவர்கள் முதலில் போகட்டும்.”

மார்ட்டின் நாடாவை இழுத்துப் பாலத்தை அளந்தார். “அதற்கு மூன்று முறை ஆகும். நான் இரண்டாவது முறையில் உங்கள் ஆட்களைப் பிடித்துவிடுவேன். ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். யோசித்துத்தான் சொல்கிறீர்களா?”

“யோசித்துத்தான்.”

மார்ட்டின் தோளைக் குலுக்கிவிட்டு முதல் வண்டிலை ஆறு அங்குலம் முன்னே நகர்த்தினார். இது ஆட்டத்தில் தோற்பது, இதற்கு ஒரு செலவுமில்லை, முப்பது வருடம் பிந்திச் செய்கிற இதனால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று குகதாசனுக்கு நன்றாகத் தெரிந்தது. தொண்டை வறண்டு இழுத்தது.

“குடியுங்கோ அண்ணா” என்றாள் சிவகலை. “ஆறப்போகுது.”

கோப்பையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கையை அதன் கிட்டக் கொண்டுபோனார். எடுக்க வெட்கமாக இருந்தது.